மேகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்ற முறை

கேள்வி இதுதான்: மண்டபம் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில் 8 முதல் 13 வயது வரை உள்ள 20 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. புத்தகத்தில் உள்ள மேகப் படங்களுக்குத் தப்பில்லாமல் பெயர் சொல்கிறார்கள். வெளியே கூட்டிவந்து வானத்தைக் காட்டினால் விழிக்கிறார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் 'திரள் மேகம்' என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கே பிசகுகிறது?

பிசகுவது சொல்லிக்கொடுக்கும் வரிசையில். புத்தகத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு மேகம்தான் இருக்கும். வானத்தில் மூன்று வகை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இன்னொன்றாக மாறும். பெயரை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளை அந்தப் பெயருக்குப் பொருத்தமான மேகத்தைத் தேட ஆரம்பிக்கும். கேள்விகளை முதலில் கொடுத்தால் எதிரே நிற்கிற மேகத்தை உற்றுப் பார்க்கும். அதனால் முதல் இரண்டு வாரம் பெயரே வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சிக்கலை அவிழ்த்துவிடுங்கள். 'கீற்று மேகம்' என்றதும் இந்தக் கரைப் பிள்ளைக்கு நினைவு வருவது கூரை வேய்கிற தென்னங்கீற்று. அது அகலமானது, நெருக்கி முடைந்தது. வானத்தில் இருப்பதோ பிரிந்து கிடக்கும் மெல்லிய இழை. நைலான் கயிற்றின் அறுந்த நுனி பிரிந்து சிலிர்த்து நிற்குமே, அதைக் கையில் கொடுத்து "இந்த மாதிரி இருந்தா கீற்று" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'படை மேகம்' என்றால் போர்ப்படை என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. அடுக்கு, விரிப்பு என்று விளக்கிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் "மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இந்த விரிப்பைத்தான். 'திரள்' மட்டும் யாரையும் குழப்பாத நல்ல சொல்.

முதல் கேள்வி: இழையா, திட்டா, விரிப்பா? 1802-இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் மேகங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது இதையேதான் கேட்டார். முடிக்கற்றைபோல் இருந்தால் சிரஸ், குவியலாக இருந்தால் குமுலஸ், பரந்து கிடந்தால் ஸ்ட்ராடஸ். மழை கொடுப்பதற்கு நிம்பஸ். இன்று உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் 10 வகைகளும் இந்த நான்கு சொற்களையும், நடு உயரத்தைக் குறிக்கும் ஒரு முன்னொட்டையும் சேர்த்துக் கட்டியவை. நம் பாடநூலின் கீற்று, திரள், படை, கார் ஆகியவற்றின் வேரும் அதுவே. இவர்களைவிடச் சின்ன 6, 7 வயதுப் பிள்ளைகளும் வந்தால் அவர்களுக்கு இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திவிடலாம். மூன்றுக்கும் நீல அட்டையில் பஞ்சு ஒட்டச் சொல்லுங்கள். இழைக்குப் பஞ்சைப் பழைய சீப்பால் வாரி இழுக்க வேண்டும். திட்டுக்கு உருட்ட வேண்டும், ஆனால் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தித் தட்டையாக்கிவிட வேண்டும். விரிப்புக்கு உள்ளங்கையால் தேய்த்துப் பரப்ப வேண்டும். பசை அதிகமானால் பஞ்சு நனைந்து மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிடும். அட்டையில் மெல்லிய கோடாகத் தடவி, ஒரு நிமிடம் காயவிட்டுப் பிறகு வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: விரலால் அளந்தால் எவ்வளவு? முழுப் பாடத்திலும் அதிகப் பலன் தருவது இந்த ஒரு பழக்கம்தான், நேரம் கொடுத்துச் செய்யுங்கள். கையை முழங்கை மடங்காமல் நீட்ட வேண்டும். அப்போது சுண்டுவிரலின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 1 பாகை. நடு மூன்று விரல்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 5 பாகை. மூடிய முஷ்டி 10 பாகை. சின்னப் பிள்ளைக்கு விரலும் மெலிது, கையும் குட்டை; இரண்டும் சேர்ந்தே குறைவதால் கணக்கு பெரிதாக மாறாது.

திட்டுத் திட்டாக மேகம் இருந்தால் அதில் ஒரே ஒரு திட்டை மட்டும் அளக்க வேண்டும். சுண்டுவிரலுக்குள் மறைந்துவிட்டால் அது கீற்றுத்திரள்: உப்புப் பரலைத் தெளித்தது போலப் பொடிப்பொடியாக, நிழலே இல்லாமல் வெள்ளையாக இருக்கும். சுண்டுவிரலைவிடப் பெரிதாக, மூன்று விரலுக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள். மீன் செதில் அடுக்கினாற்போல இருப்பதும் ஒவ்வொரு செதிலின் ஒரு பக்கம் லேசான சாம்பல் நிறமாக இருப்பதும் இதன் அடையாளம். மூன்று விரலுக்கும் மேல் போனால் படைத்திரள். வாலிநோக்கம் உப்பளத்தில் வரிசையாகக் குவித்து வைத்த உப்பு அம்பாரங்களை மேலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி, கரிய அடியும் இடையிடையே வெளிச்சக் கோடுமாகத் தெரியும். மூன்றின் உயரமும் வேறு. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் தாழ்ந்த மேகம் 2 கிலோமீட்டருக்குக் கீழே, நடு மேகம் 2 முதல் 8 வரை, உயர்ந்த மேகம் 6 முதல் 18 கிலோமீட்டர் வரை. உயரே போகப் போகத் திட்டு சின்னதாகத் தெரிவதைத்தான் விரல் அளக்கிறது.

இதில் நேரும் தப்புகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. பிள்ளைகள் முழங்கையை மடக்கி விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவருவார்கள். விரல் பெரிதாகி எல்லா மேகமும் 'கீற்றுத்திரள்' ஆகிவிடும். இன்னொன்று, ஒரு திட்டை அளக்காமல் மொத்தக் கூட்டத்தையும் அளப்பது. மூன்றாவது தப்பு கடற்கரைக்கே உரியது. கடலும் வானமும் சேரும் கோட்டை ஒட்டியுள்ள மேகத்தை அளந்தால் கணக்கு தவறும். தூரத்தில் இருப்பதால் தாழ்ந்த மேகமும் அங்கே பொடியாகத் தெரியும். கடல்கோட்டின் மேல் மூன்று முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு மேலே உள்ள வானத்தை மட்டும் அளக்க வேண்டும் என்று சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

கோட்டருகே மேகம் அடர்ந்த விரிப்பாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். "உச்சியில் கொஞ்சம்தான் இருக்கு, அங்க மட்டும் ஏன் மூடியிருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். பனங்காட்டைக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் பனைகளுக்கு நடுவே ஆள் நடந்து போகலாம். தொலைவில் அதே இடைவெளியோடு நிற்கும் பனைகள் சுவராகத் தெரியும். மேகத்துக்கும் அதே கதி.

மூன்றாவது கேள்வி: உன் நிழல் விழுகிறதா? வானம் முழுக்க விரிப்பாக இருக்கும் நாளில் விரல் அளவு உதவாது, நிழல்தான் உதவும். வெள்ளைத் திரை போட்டதுபோல் வானம் இருந்தும் நிழல் தெளிவாக விழுந்தால் கீற்றுப்படை. சூரியன் எண்ணெய்த்தாளுக்குப் பின்னால் வைத்த விளக்குபோல் மங்கி, நிழல் விழாமல் போனால் இடைப்பட்ட படை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல், இருண்டு, விடாமல் தூறிக்கொண்டோ பெய்துகொண்டோ இருந்தால் கார்படை. தாழ்ந்த படை மேகம் பனிமூட்டத்தைத் தூக்கி நிறுத்தியது போல் இருக்கும்; பாம்பன் கலங்கரை விளக்கம், செல்போன் கோபுரம் போன்றவற்றின் உச்சி மங்கினால் அதுதான். இந்தக் கேள்விக்குத் தலையைத் தூக்கவே வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்காதே என்ற விதிக்கும் இது ஒத்துப்போகிறது. மேகம் பார்க்கும் நேரம் முழுவதும் சூரியனைக் கட்டடத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டோதான் நிற்க வேண்டும். மெல்லிய மேகம் மூடியிருக்கும்போது கண் கூசாது என்பதால் பிள்ளைகள் பார்க்கத் துணிவார்கள். அப்போதும் கூடாது.

இரவில் இதற்கு நிலா இருக்கிறது. 'எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை' என்பது வீட்டிலேயே கேட்டிருக்கக்கூடிய பழமொழி. அதை மேகப் பாடமாக்கலாம். கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட வட்டத்தின் மேல் போய் நிற்கும். அதுதான் எட்ட வட்டம், நிலாவிலிருந்து 22 பாகை. கீற்றுப்படையில் உள்ள அறுகோணப் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் வருவது. கிட்ட வட்டம் நிலாவை ஒட்டியே சில பாகை அகலத்தில் பழுப்பும் நீலமுமாக ஒளிரும். நடு மேகத்தின் நீர்த்துளிகள் உண்டாக்குவது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது அதன் மேல்பகுதியிலிருந்து பரவும் கீற்றுப்படை பல சமயம் முதலில் வந்து சேரும், மழை பின்னால் வரும். ஆகவே அந்தப் பருவத்தில் பழமொழிக்கு அடிப்படை இருக்கிறது. சித்திரையில் எட்ட வட்டம் தெரிந்து ஒரு சொட்டும் விழாமல் போகும் நாட்களே அதிகம். வட்டம் தெரிந்த தேதியையும் அடுத்த இரண்டு நாளில் மழை வந்ததா இல்லையா என்பதையும் பிள்ளைகளே ஒரு வருடம் குறித்துப் பார்க்கட்டும்.

நான்காவது கேள்வி: அடி எப்படி, உச்சி எப்படி? இது திரள் மேகத்துக்கானது. திரள் மேகங்களின் அடி கத்தியால் வெட்டினாற்போல் ஒரே மட்டத்தில் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேலே ஏறும் காற்று குளிர்ந்துகொண்டே போய், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அதிலுள்ள ஈரம் துளியாகிறது. பக்கத்து மேகத்துக்கும் அதே காற்று, அதே உயரம். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கணக்கே கொடுக்கலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, dew point) கழித்து 125-ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் ஏறக்குறைய மீட்டரில் வரும். வெப்பநிலை 31 பாகை செல்சியஸ், பனிநிலை 25 என்றால் வித்தியாசம் 6. மேகம் 750 மீட்டரில் தொடங்கும். இரண்டு எண்களையும் செல்போன் வானிலைச் செயலியில் எடுத்துக்கொள்ளலாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே அடி தாழ்ந்திருக்கும், உள்ளே மதுரைப் பக்கம் போகப் போக உயரும்.

உச்சி இன்னும் முக்கியம். பூக்கோசு மாதிரி ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் அது இன்னும் நீர்த்துளி மேகம், அதாவது திரள். உச்சி ஓரம் கலைந்து, நார் நாராக மங்கத் தொடங்கினால் அங்கே பனித்துகள் உண்டாகிவிட்டது, அது கார்திரள். பிறகு உச்சி மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் தட்டையாக விரியும். இதைப் புத்தகங்கள் கொல்லனின் பட்டடைக்கல்லோடு ஒப்பிடும். இன்றைய பிள்ளைகள் பட்டடைக்கல்லைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நம் கரையில் அதைவிடப் பொருத்தமான ஒன்று நிற்கிறது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை மணல்மேட்டில் குடை பிடித்தாற்போல் உச்சி தட்டையாக வளரும் உடைமரம். மெலிந்த தண்டு, மேலே விரிந்த தட்டைக் குடை. மேற்கு வானத்தில் அந்த வடிவம் தெரிந்தால் கார்திரள் என்று 7 வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆனால் கார்திரள் தலைக்கு மேலே வந்துவிட்டால் குடை தெரியாது, இருண்ட கூரை மட்டும்தான் தெரியும். அப்போது கார்படையா, கார்திரளா என்று பிரிப்பது எப்படி? இடி கேட்டால் கார்திரள். திடீரென்று குளிர்ந்த காற்று அடித்துப் பெருந்துளிகளாகக் கொட்டினாலும் அதுவே. கார்படை மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்யும், இடிக்காது. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அது கார்திரள் கூட்டத்தின் வேலை. பிள்ளைகளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். "அன்னைக்கு மழை எப்படிப் பெய்தது, சீராகவா, கொட்டியா?" என்று அங்கிருந்தே தொடங்கலாம்.

இனி, அநேகமாக எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும் இரண்டு தவறான எண்ணங்கள். இவற்றை விட்டுவைத்தால் மேலே சொன்னது எதுவும் நிலைக்காது.

ஒன்று, 'கறுப்பாக இருந்தால் மழை மேகம், வெள்ளையாக இருந்தால் சும்மா மேகம்' என்பது. நிறம் வெளிச்சம் விழும் பக்கத்தைப் பொறுத்தது. மாலையில் மேற்கே, சூரியனுக்கு முன்னால் நிற்கும் சின்னத் திரள் கன்னங்கரேலென்று இருக்கும்; அதே அளவுள்ள இன்னொன்று கிழக்கே பால்போல் வெளுத்திருக்கும். இருட்டறையில் டார்ச் அடித்துக் காட்டுங்கள். பஞ்சு உருண்டையை நடுவில் தொங்கவிட்டு, டார்ச் பக்கம் பாதிப் பேர், எதிர்ப்பக்கம் பாதிப் பேர். ஒரே உருண்டைக்கு ஒரு கூட்டம் வெள்ளை என்றும் மறு கூட்டம் கறுப்பு என்றும் எழுதும். மேகம் தடிமனானாலும் அடி கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிறம் கடைசிச் சாட்சியாக இருக்கட்டும்.

இரண்டாவது, 'மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது' என்பது. தொலைவில் மழைக்கால் இறங்கியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது கீழிருந்து மேலே போகவில்லை, மேலிருந்து கீழே விழும் மழை. "குடித்தால் மழைத்தண்ணீர் ஏன் கரிக்கவில்லை?" என்று கேளுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல்நீரின் உப்பளவு ஏறக்குறைய அதுதான். அதில் 200 மில்லியை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி, மேலே கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் உட்புறம் துளிகள் கோத்திருக்கும். அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்காது. கிண்ணம் தட்டிலுள்ள நீரைத் தொடாமல் வெளியே எடுக்க வேண்டும், தொட்டால் கரித்துப் பாடம் கெடும். பிறகு தட்டைத் திறந்தே விட்டால் ஓரிரு நாளில் சுமார் 7 கிராம் உப்பு மிஞ்சும். உப்பளத்தில் நடப்பது இதுதான் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

உப்பு இன்னொரு இடத்திலும் வருகிறது. ஈரக்காற்று குளிர்ந்தால் மட்டும் மேகம் ஆகாது. துளி ஒட்டிக்கொள்ளப் பொடி வேண்டும். கரையில் அலை உடையும்போது சிதறும் நுண்துளிகள் காய்ந்து உப்புத்துகளாகிக் காற்றில் ஏறுகின்றன. அவற்றைச் சுற்றித் துளி கட்டுகிறது. இதைப் பாட்டிலில் காட்டலாம். அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில் விரற்கடை உயரம் சுடுநீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றிப் பக்கங்களை நனையுங்கள். மூடியைத் தலைகீழாக வைத்து அதில் ஐந்தாறு ஐஸ்கட்டி. ஒரு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் தெரியாது. மூடியைத் தூக்கி, அணைத்த ஊதுபத்திப் புகையை 2 நொடி உள்ளே விட்டு மூடுங்கள். ஐஸுக்குக் கீழே வெண்புகை சுழலும். பின்னால் கறுப்பு அட்டையும் பக்கத்தில் டார்ச்சும் இருந்தால்தான் 20 பேருக்கும் தெரியும். கொதிக்கிற நீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம் போதும். புகை அதிகமானால் பார்ப்பது புகைதான், மேகமல்ல. மூடியைத் திறந்ததும் கலைந்து மறைந்தால் மேகம். மறையாமல் நாறிக்கொண்டே நின்றால் புகை கூடிவிட்டது.

வானத்தில் எவ்வளவு பங்கு மேகம் என்பதை எட்டில் ஒரு பங்காகச் சொல்வது வானிலைத் துறையின் வழக்கம். பிள்ளைகள், பெரியவர்களும்தான், எப்போதும் கூட்டிச் சொல்வார்கள். காரணம், சிதறிக் கிடப்பது கண்ணுக்கு அதிகமாகத் தெரியும். ஒரு நீலத் தாளும் அதே அளவு வெள்ளைத் தாளும் எடுத்து, வெள்ளையை 8 சமத் துண்டாக்குங்கள். 3 துண்டை மட்டும் பொடியாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நீலத் தாளில் பரப்பி எத்தனை பங்கு என்று கேளுங்கள். 5 என்ற பதில் நிறைய வரும். நான்கைந்து முறை செய்தால் கண் பழகிவிடும். வெளியே பார்க்கப் பழைய போட்டோ சட்டக் கண்ணாடியின் பின்னால் கறுப்பு அட்டை ஒட்டி, மார்க்கரால் 8 கட்டம் போட்டுத் தரையில் வையுங்கள். வானம் அதில் கண் கூசாமல் தெரியும், மெல்லிய கீற்றுகூடத் துலங்கும். சூரியன் கண்ணாடியில் விழாத கோணமாகப் பார்த்து வைக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம், அதில் வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும்.

எந்த மேகத்தை எப்போது காட்டுவது? பத்தையும் ஒரே மாதத்தில் காட்ட முயல்வது வீண். நம் வானம் தவணை முறையில்தான் தரும். தை, மாசியில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அதிகாலையில் கண்மாய்க்கரையில் மூடுபனி இருந்தால் அது தரையில் உட்கார்ந்த படை மேகம். உள்ளே நடந்து போகலாம். பகலில் வரும் திரள் குட்டையாகவே நின்றுவிடும், மேலே உள்ள உலர்ந்த வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமுக்குகிறது. பங்குனி முதல் வைகாசி வரை, காலை 11 மணிக்கு மேல் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். கடல் மேல் வானம் துடைத்தாற்போல் இருக்க, நிலத்தின் மேல் திரள் வரிசைகட்டும். மாலை 4 மணி வாக்கில் மேற்கே உள்நாட்டில் எழும் கார்திரளின் குடை இங்கிருந்தே தெரியும். அதன் உச்சி 15 கிலோமீட்டர் வரை போவதால் 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் மறையாது.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. மழை இல்லாத காலம் என்று மேகப் பாடத்தை நிறுத்திவிடாதீர்கள், வருடத்திலேயே மிக அழகான பாடம் இப்போதுதான். தாழ்ந்த துண்டு மேகங்கள் கச்சானோடு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதே நேரம் மேலே கீற்று மேகம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் கிழக்கத்திய ஜெட் காற்றின் வேலை அது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார். பார்க்கும் முறை: மாடியின் நிழலில் பிள்ளைகளை மல்லாந்து படுக்கவைத்து, கைப்பிடிச்சுவரின் மூலைக்கு நேரே ஒரு கீற்றைக் குறித்துக்கொள்ளச் சொல்லி 5 நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். நிலையான ஒரு முனை இல்லாவிட்டால், தாழ்ந்த மேகத்தின் ஓட்டம் கண்ணை ஏமாற்றி, கீற்று எதிர்ப்பக்கம் ஓடுவதாக எல்லா நாளும் தோன்றும். கீற்று மிக மெதுவாகத்தான் நகரும். உண்மையில் அதன் வேகம் அதிகம், தொலைவு அதைவிட அதிகம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பத்து வகையும் வரும், சில நாள் ஒரே பகலில். இந்தப் பருவத்தில் நேரம் மாறும். கார்திரள் கடல் மேல் இரவில் வளர்ந்து, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றோடு விடியற்காலையில் கரை ஏறும். மாலை வகுப்பு மட்டும் நடத்தினால் பாதியைத் தவறவிடுவீர்கள். வானிலைத் துறை நிலையங்கள் முக்கிய அளவீடு எடுக்கும் காலை 8.30, மாலை 5.30 இரண்டையும் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளலாம். காலைக் குறிப்பை வீட்டு வாசலிலிருந்தே எழுதிவரட்டும்.

மின்னல் விஷயத்தில் தயவு காட்டக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுவதைச் சொல்லிக்கொடுங்கள். 3 நொடிக்கு 1 கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அத்தனை பேரும் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். உள்ளே என்றால் கான்கிரீட் கட்டடம், அல்லது கதவு மூடிய வேன். பனை, தென்னை அடி, கரையில் ஏற்றிய படகின் மறைவு, ஓலைக் கொட்டகை எதுவும் பாதுகாப்பு அல்ல. மணல்வெளியில் நிற்கும் பிள்ளைதான் அங்கே உயர்ந்த பொருள்.

குறிப்பேட்டில் ஆறு பத்தி போதும்: தேதி நேரம், எட்டில் எத்தனை பங்கு, இழை திட்டு விரிப்பு, விரல் அளவு, நிழல் உண்டா, மேகம் எந்தத் திசையிலிருந்து வருகிறது. பெயர் எழுதும் இடத்தைக் கடைசியில் வைத்துப் பென்சிலால் மட்டும் எழுதச் சொல்லுங்கள். வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படம் அரை மணிக்கொரு முறை வரும். அதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். அகச்சிவப்புப் படத்தில் குளிர்ந்த, உயர்ந்த மேகம்தான் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தலைக்கு மேலே படைத்திரள் மூடியிருந்தும் படத்தில் ஒன்றும் இல்லையே என்று பிள்ளைகள் குழம்புவது இதனால்தான். பகலில், சாதாரண வெளிச்சத்தில் எடுத்த கட்புலப் படத்தைப் பார்த்தால் அதுவும் தெரியும்.

'தெரியவில்லை' என்று எழுத அனுமதி கொடுங்கள், மற்ற ஆறு பத்தியும் நிரம்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "திட்டு, மூன்று விரலுக்கும் கொஞ்சம் அதிகம், நிழல் விட்டுவிட்டு விழுது, பெயர் தெரியலை" என்று 9 வயதுப் பிள்ளை எழுதினால் அது படைத்திரள்தான். பத்தியை வாசித்துக்காட்டி வகுப்பிடமே கேளுங்கள், மற்ற பிள்ளைகள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.